ஓர் ஆடு, ஒரு மீன், கொஞ்சம் எழுத்து

எழுதக் கற்றுக்கொள்ள என்ன செலவாகும்? ஒரு நோட்டு, ஒரு பேனா, வாத்தியாருக்குக் கொஞ்சம் ஃபீஸ். இங்கிலாந்தில் 1640களின் கடைசியில் ஒரு பையன் இதற்குக் கொடுத்த விலை ஓர் ஆடு. நிஜமான ஆடு, நான்கு கால், கம்பளி எல்லாம் சேர்த்து.

பையன் பெயர் தாமஸ் ட்ரையான். 1634-ல் க்ளாஸ்டர்ஷயரில் பைபரி என்ற ஊரில் பிறந்தவன். அப்பா ஓடு வேய்வது, சாந்து பூசுவது என்று பிழைத்தவர். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எழுத்துகளைச் சரியாக அடையாளம் காண்பதற்குள் நிறுத்தியும்விட்டார்கள். அதன் பிறகு கம்பளி நூற்கும் வேலை, அதற்குப் பிறகு ஆடு மேய்க்கும் வேலை. பதிமூன்று வயது வாக்கில்தான் அவனுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அரிச்சுவடி ஒன்றை வாங்கிக்கொண்டு, கூட மேய்ப்பவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகிவிட்டான். எழுதத்தான் வழியில்லை, ஏனென்றால் அந்த இடையர்களுக்கும் எழுத வராது. (அந்தக் காலத்தில் வாசிப்பு வேறு, எழுத்து வேறு. முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுத்து அதற்குப் பிறகு, தனியாக. பைபிள் வாசிக்கத் தெரிந்தும் தன் பெயரை எழுதத் தெரியாதவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள்.) அக்கம்பக்கத்தில் கால் ஊனமான ஒரு வாலிபர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தனக்கென்று வைத்திருந்த ஆடுகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தான். எழுத்தை எப்படிப் போடுவது, எப்படிச் சேர்த்து எழுதுவது என்று அவர் காட்டிக்கொடுத்தார்.

இந்தப் பையன் பின்னாளில் எழுதிய புத்தகங்கள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. ஆட்டைக் கொல்லாதே, மாட்டைக் கொல்லாதே, எந்தப் பிராணியையும் தின்னாதே என்பதுதான் அது!

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாலிப வயதில் ஆட்டு மந்தையை விற்றுவிட்டு லண்டன் போய், தொப்பி செய்பவரிடம் தொழில் பழகினார். 1657-ல், 23 வயதில், தனக்குள் ஒரு குரல் கேட்டதாகச் சொல்லிக் கறியை விட்டார். ரொட்டி, பழம், தண்ணீர் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். 48 வயதில் எழுத ஆரம்பித்தார், அதன் பிறகு நிறுத்தவே இல்லை. ஆரோக்கியத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் வழி சொல்லும் அவருடைய முக்கியமான புத்தகம் 1683-ல் வந்தது. அதே வருடம் இன்னொரு சின்னப் புத்தகமும் வந்தது. அதில் ஓர் இந்திய பிராமணரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள், வாதத்தில் பிராமணர் கை ஓங்குகிறது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காமல், கேள்விப்பட்டதை வைத்தே எழுதியது. பார்படோஸ் தீவுக்குப் போய் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு 1684-ல் அதைப் பற்றியும் எழுதினார். பிராணிகளிடம் காட்டும் கொடுமையும் மனிதர்களிடம் காட்டும் கொடுமையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் அவர் மனைவி சூசன்னா கடைசிவரை அவருடைய சாப்பாட்டு முறைக்கு வரவில்லை. அவர் செய்து விற்றதும் பீவர் என்ற பிராணியின் மயிரில் செய்யும் தொப்பிகள். சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. பிராணிகளை விட்டு முழுசாக வெளியே வருவது அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ட்ரையான் 1703-ல் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1706-ல், கடலுக்கு அந்தப் பக்கம் பாஸ்டன் நகரத்தில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்கிற ஒருவர் வீட்டில் 17 பிள்ளைகளில் 15-வதாக ஒரு பையன் பிறந்தான். அவன்தான் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். இடிதாங்கிக்காரர், நூறு டாலர் நோட்டில் இருப்பவர், அவரேதான். ஆனால் இங்கே பேசப்போவது அந்தப் பெரிய மனிதரைப் பற்றி அல்ல, பதினாறு வயதுப் பையனைப் பற்றி.

அவனும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. எட்டு வயதில் சேர்த்தார்கள், பத்து வயதில் நிறுத்திவிட்டார்கள். கணக்கில் சுத்தமாக ஃபெயில். அப்பாவின் பட்டறையில் திரி வெட்டுவதும் அச்சில் கொழுப்பை ஊற்றுவதும் வேலை. இன்றைய மெழுகு அல்ல, ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் காய்ச்சிச் செய்த மெழுகுவத்தி. அந்த வேலை பையனுக்குப் பிடிக்கவே இல்லை. கடலுக்கு ஓடிப்போய்விடுவானோ என்று அப்பாவுக்குப் பயம். புத்தகப் பைத்தியமாக இருக்கிறானே என்று 12 வயதில் அச்சுக்கூடம் வைத்திருந்த அண்ணன் ஜேம்ஸிடம் தொழில் பழக விட்டுவிட்டார். 21 வயது வரை அண்ணனிடமே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம்.

அச்சுக்கூடத்தில் அவன் முதலில் எழுதியது பாட்டு. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் தன் இரண்டு பெண்களோடு கடலில் மூழ்கி இறந்ததைப் பற்றி ஒரு பாட்டு, கடற்கொள்ளைக்காரன் பிளாக்பியர்டைப் பிடித்ததைப் பற்றி ஒன்று. அண்ணன் அச்சடித்துத் தெருவில் விற்றுவரச் சொன்னார். முதல் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாதான் இறக்கிவிட்டார்: பாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிச்சை எடுக்கத்தான் போகிறார்கள் என்று கேலி செய்தார். மகன் கவிதையை விட்டுவிட்டான். (உலக இலக்கியத்துக்கு நஷ்டம் இல்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொள்கிற தொனியில்தான் எழுதுகிறார்.)

அதே அப்பா இன்னொரு முறை குறுக்கே வந்தார். இந்த முறை கேலி இல்லை. பையனும் காலின்ஸ் என்ற நண்பனும் பெண்களுக்குப் படிப்பு தேவையா என்று கடிதம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃப்ராங்க்ளின் தேவை என்ற கட்சி. கடிதங்கள் அப்பா கண்ணில் பட்டன. யார் சொல்வது சரி என்பதற்குள் அவர் போகவே இல்லை. எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும் உன்னிடம் சரியாக இருக்கிறது (அச்சுக்கூடத்தின் புண்ணியம்), ஆனால் சொல்கிற நயத்திலும் ஒழுங்கிலும் தெளிவிலும் உன் நண்பன்தான் மேல் என்று சொல்லி, இடம் இடமாக எடுத்துக் காட்டினார். கொழுப்புக் காய்ச்சுகிற ஒரு தொழிலாளி செய்த விமர்சனம் இது. இதைவிட நல்ல விமர்சனம் பல கல்லூரிகளில் கிடைக்காது.

பையன் அதை மனதில் போட்டுக்கொண்டான். அப்போது அவன் கைக்கு ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் தொகுதி ஒன்று கிடைத்தது. அடிசனும் ஸ்டீலும் 1711-ல் லண்டனில் ஆரம்பித்த தினசரி அது. இதழுக்கு ஒரு கட்டுரை. கிடைத்தது மூன்றாவது தொகுதி மட்டும். அதை வைத்துக்கொண்டு அவன் செய்ததைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு கட்டுரையை எடுப்பான். ஒவ்வொரு வாக்கியத்திலும் என்ன கருத்து என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வான். சில நாள் தள்ளி வைத்துவிடுவான். மறந்த பிறகு குறிப்பை மட்டும் பார்த்துத் தன் சொந்த வார்த்தையில் கட்டுரையை மறுபடி எழுதுவான். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தப்புகளைத் திருத்துவான்.

ஒப்பிட்டதில் தெரிந்தது, தன்னிடம் வார்த்தைக் கையிருப்பு குறைவு என்பது. அதற்கு ஒரு வைத்தியம்: உரைநடையைச் செய்யுளாக மாற்றுவது. செய்யுளில் எதுகைக்கும் அளவுக்கும் ஏற்ற மாதிரி ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் தேடவேண்டி வருமல்லவா, அதற்காக. கொஞ்ச நாள் கழித்து அந்தச் செய்யுளைத் திரும்ப உரைநடையாக்குவான். இன்னொரு பயிற்சிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எழுதி வைத்த குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிடுவான். சில வாரம் கழித்து எது முதலில் வரவேண்டும், எது பின்னால் வரவேண்டும் என்று தானே யோசித்து அடுக்குவான். இந்த வரிசைப் பயிற்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதெல்லாம் எப்போது நடந்தது? ராத்திரி வேலை முடிந்த பிறகு, காலையில் வேலை தொடங்குவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு. நேரம் போதவில்லை. புத்தகம் வாங்கக் காசும் இல்லை. அவனுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் ஆடு கொடுத்து எழுத்து கற்றவர் உள்ளே வருகிறார். பதினாறு வயது வாக்கில் ட்ரையானின் புத்தகம் ஒன்று பையனுக்குக் கிடைத்தது. படித்தான், கறி சாப்பிடுவதை நிறுத்தினான். அண்ணனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தனக்கும் வேலைப் பையன்களுக்கும் சேர்த்து இன்னொரு குடும்பத்தில் பணம் கட்டிச் சாப்பிட ஏற்பாடு செய்திருந்தார். எல்லாரும் கறி தின்கிற பந்தியில் ஒருத்தன் மட்டும் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? சமைக்கிறவர்களுக்குத் தொந்தரவு, அவனுக்குத் திட்டு. அவன் ட்ரையானின் புத்தகத்தைப் பார்த்தே உருளைக்கிழங்கு வேகவைப்பது, சோறு ஆக்குவது, மாவைக் கிண்டிக் களி செய்வது என்று கற்றுக்கொண்டு அண்ணனிடம் போய் ஒரு யோசனை சொன்னான்: என் சாப்பாட்டுக்கு வாரா வாரம் கட்டுகிற பணத்தில் பாதியை என் கையில் கொடுத்துவிடு, நானே பார்த்துக்கொள்கிறேன். மெஸ் பில்லில் பாதியைக் கையில் கொடுங்கள் என்று ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். ஜேம்ஸ் அண்ணன் உடனே சரி என்றார், அவருக்கும் பாதி மிச்சம்தானே!

கிடைத்த பாதியிலும் அவன் பாதியை மிச்சம் பிடித்தான். அந்தக் காசு புத்தகத்துக்குப் போனது. அதைவிட முக்கியமான லாபம் நேரம். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அச்சுக்கூடத்தில் அவன் மட்டும் இருப்பான். ஒரு பிஸ்கட் அல்லது ஒரு துண்டு ரொட்டி, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை, ஒரு டம்ளர் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்கள் திரும்பி வரும் வரை படிப்பு. பள்ளியில் காலை வாரிய கணக்கை இந்தச் சாப்பாட்டு வேளைகளில்தான் தானாகப் படித்து முடித்தான். மனித அறிவு பற்றி லாக் எழுதியதைப் படித்தது, சாக்ரடீஸ் கேள்வி கேட்டே எதிராளியை மடக்கும் முறையைக் கற்றுக்கொண்டது, எல்லாம் இந்தக் காலத்தில்தான். அந்த முறையில் அவனுக்கு ஒரே குஷி. தன்னைவிட விஷயம் தெரிந்தவர்களைக்கூட மடக்கி, தனக்கோ தன் கட்சிக்கோ நியாயமாகக் கிடைக்கக்கூடாத வெற்றிகளை எல்லாம் வாங்கினானாம். அவரே சொல்கிறார்.

ஆக, அவன் எழுத்தாளன் ஆனதற்குக் கறியை விட்டதும் ஒரு காரணம். காசு, நேரம் இரண்டையும் அதுதான் கொடுத்தது.

ஆனால் ஒரு நிமிஷம். அந்தப் பையன் உட்கார்ந்து எழுதிய மேசையைக் கொஞ்சம் பாருங்கள். கையில் இருப்பது வாத்து இறகுப் பேனா. ராத்திரி வெளிச்சம் கொழுப்பு மெழுகுவத்தி, அப்பாவின் சரக்காகவே இருக்கலாம். மை பரவாமல் இருக்க அந்தக் காலத்துக் காகிதத்துக்கு, துணிக்குக் கஞ்சி போடுவது போல, பிராணிகளின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் போடுவார்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துகளின் மேல் மை ஒற்றுகிற உருண்டை ஆட்டுத்தோலில் கம்பளியை அடைத்துச் செய்தது. பிராணி அவன் தட்டிலிருந்துதான் போயிருந்தது, மேசையை விட்டுப் போகவில்லை. ஃப்ராங்க்ளின் இதைப் பற்றி எங்கேயும் யோசித்த மாதிரி தெரியவில்லை. பதினாறு வயதில் யாருக்குத் தோன்றும்? ஆனால் எழுத்து என்பது கறி மாதிரி இல்லை, சுத்தமான விஷயம் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பு இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ட்ரையானாவது தன் எழுத்துக்கு ஓர் ஆடு விலை என்று தெரிந்து கொடுத்தார்.

எழுத்துக்குப் பலனும் சீக்கிரமே கிடைத்தது. அண்ணன் 1721-ல் நியூ இங்கிலாண்டு கூரன்ட் என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்திருந்தார். தம்பி எழுதியது என்றால் போடமாட்டார் என்று பையனுக்குத் தெரியும். கையெழுத்தை மாற்றி எழுதி, ராத்திரியில் அச்சுக்கூடக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டான். காலையில் அண்ணனும் நண்பர்களும் எடுத்துப் படித்து, ஆகா என்று பாராட்டி, இது ஊரிலே இன்ன அறிஞர் எழுதியிருக்க வேண்டும், இல்லை இன்னார்தான் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சைலன்ஸ் டூகுட் என்ற நடுத்தர வயது விதவை எழுதுவதாக வந்த அந்தக் கடிதங்கள் 1722 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மொத்தம் 14. விஷயம் வெளியே வந்ததும் மற்றவர்கள் அவனை மதிக்கத் தொடங்கினார்கள், அண்ணனுக்கு அது ரசிக்கவில்லை. சண்டை, அடி. 1723-ல், 17 வயதில், ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு சேர்த்து வைத்த புத்தகங்களில் சிலவற்றை விற்று, யாருக்கும் தெரியாமல் நியூயார்க் போகிற கப்பலில் ஏறிவிட்டான். ஒருவர் ஆடுகளை விற்று ஊரைவிட்டுப் போனார், இன்னொருவர் புத்தகங்களை விற்று.

அந்தப் பயணத்தில்தான் அந்த மீன் வந்தது. சுயசரிதையில் இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, பல பக்கம் கழித்து, அடடா ஒன்று விட்டுப்போச்சு என்று சொல்கிற மாதிரி எழுதுகிறார்.

பிளாக் ஐலண்ட் பக்கம் காற்று நின்றுபோய்க் கப்பல் அசையாமல் கிடந்தது. பொழுது போகாமல் ஆட்கள் காட் மீன் பிடிக்க ஆரம்பித்தார்கள். நிறைய மாட்டியது. பையன் அதுவரை ட்ரையானின் கட்சியில் உறுதியாக இருந்தான். மீன் பிடிப்பது காரணமே இல்லாமல் செய்யும் கொலை, ஏனென்றால் அந்த மீன் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. வாதம் ரொம்பச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பையனுக்கு முன்பு மீன் என்றால் உயிர். வாணலியிலிருந்து சுடச்சுட எடுத்தபோது வந்த வாசனை இருக்கிறதே... கொள்கை ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம் என்று கொஞ்ச நேரம் தராசு ஆடியது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மீனை அறுத்தபோது அதன் வயிற்றிலிருந்து சின்ன மீன்கள் வெளியே வந்தனவே! நீங்கள் ஒருவரையொருவர் தின்னும்போது நாங்கள் உங்களைத் தின்றால் என்ன என்று நினைத்தான். வயிறார ஒரு பிடி பிடித்தான். அன்றிலிருந்து எல்லாரையும் போல எல்லாம் சாப்பிட்டான், எப்போதாவது மட்டும் சைவத்துக்குத் திரும்பினான்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை கதைதான். ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பழைய வாதம், மீன் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பது. புது வாதம், மீன் மீனைத் தின்கிறது என்பது. இரண்டாவது, முதலாவதற்குப் பதிலே இல்லை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதால் நமக்கு என்ன கெடுதல் வந்தது? மீனுக்கு வேறு சாப்பாடும் கிடையாது, ட்ரையானின் புத்தகம் படிக்கவும் வழி கிடையாது. இதே பதிலை வேறு யாராவது சொல்லியிருந்தால், சாக்ரடீஸ் பாணியில் நாலே கேள்வியில் அவன் மடக்கியிருப்பான். தன் வயிற்றிலிருந்து வந்த வாதத்தை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டான்.

பிலடெல்பியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே சாமுவேல் கீமர் என்ற அச்சுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். கீமர் ஒரு விசித்திரப் பிறவி: மோசேயின் சட்டம் என்று சொல்லித் தாடியை நீளமாக வளர்த்தவர், ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருந்தவர், புது மதம் ஒன்று ஆரம்பிக்க ஆசைப்பட்டவர், அதோடு சரியான சாப்பாட்டுராமன். அவரைக் கொஞ்சம் பட்டினி போட்டுப் பார்க்கலாம் என்று ஃப்ராங்க்ளினுக்கு ஒரு குறும்பு. புது மதத்தில் கறி கூடாது என்று சேர்த்துக்கொண்டால் நானும் வருகிறேன் என்றான். மீன், கறி, கோழி எதுவும் கலக்காத 40 பதார்த்தங்களின் பட்டியல் ஒன்றை ஃப்ராங்க்ளின் எழுதிக்கொடுக்க, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார். ஆளுக்கு வாரத்துக்குப் 18 பென்ஸுக்கு மேல் ஆகவில்லை. சுமார் மூன்று மாதம் ஓடியது. ஃப்ராங்க்ளினுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கீமர்தான் துடித்துப்போனார். கடைசியில் ஒருநாள் முழுப் பன்றி ஒன்றை வாட்டிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஃப்ராங்க்ளினையும் இரண்டு தோழிகளையும் விருந்துக்குக் கூப்பிட்டார். பன்றி சீக்கிரமே மேசைக்கு வந்துவிட்டது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் முழுசையும் அவர் ஒருவரே தீர்த்துவிட்டார் :-)

இதில் கவனிக்க வேண்டியது கீமரை அல்ல. கொலை கூடாது என்று உள்ளுக்குள் நம்பிச் சைவமாக இருந்தவனை ஒரு வாணலி வாசனை சாய்த்துவிட்டது. அந்த நம்பிக்கை போன பிறகு, வெறும் விளையாட்டுக்காக, சிக்கனத்துக்காக, மூன்று மாதம் சிரமமே இல்லாமல் அவனால் இருக்க முடிந்தது. கறி இல்லாமல் இருப்பது அவனுக்குக் கஷ்டமே இல்லை என்றால் கப்பலில் ஜெயித்தது பசி இல்லை. எல்லாரும் சாப்பிடும்போது தானும் சாப்பிடலாம் என்று ஒரு காரணம் கிடைத்ததே, அந்த நிம்மதிதான் ஜெயித்திருக்க வேண்டும். ட்ரையான் அவனுக்கு ஒரு நியாயம் கொடுத்திருந்தார். நியாயங்களை உருட்டி விளையாடப் பழகிய பையனுக்கு இன்னொரு நியாயம் செய்வது பெரிய வேலையா?

பிற்காலத்தில் அவர் எங்கே போய் நின்றார் என்பதற்கு ஒரு சம்பவம். 1750 கிறிஸ்துமஸ் சமயம், மின்சார ஆராய்ச்சி உச்சத்தில் இருந்தபோது, இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரு வான்கோழியைக் கொல்லப் பார்த்தார். இப்படிக் கொன்றால் கறி மெத்தென்று இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கை தவறி மின்சாரம் அவர் உடம்பில் பாய்ந்து நினைவு தப்பிவிட்டது. தன் அசட்டுத்தனத்துக்கு வெட்கப்பட்டுக் கடிதம் எழுதினார். வெட்கம் கவனக்குறைவுக்குத்தான், வான்கோழிக்கு அல்ல. அதே மனிதர் 1770-ல் லண்டனிலிருந்து அமெரிக்க நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் விதைகளை அனுப்பி, சீனர்கள் இந்தப் பயறிலிருந்து டோஃபு என்று ஒருவகைப் பாலாடைக்கட்டி செய்கிறார்களாம் என்று ஆர்வமாக எழுதுகிறார். மனிதர் ஒரு கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

சரி, அந்த வரிசைப் பயிற்சிக்கு வருவோம். 1771-ல், 65 வயதில், இங்கிலாந்தில் ட்வைஃபோர்ட் என்ற கிராமத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, மகனுக்கு எழுதும் கடிதமாகச் சுயசரிதையைத் தொடங்கினார். மீன் கதை எழுதப்பட்டது அங்கேதான். நடந்து கிட்டத்தட்ட 48 வருடம் ஆகியிருந்தது. அந்தப் பத்தியில் குறிப்புகளை எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். முதலில் கொள்கை. அடுத்தது பழைய மீன் ஆசை. அடுத்தது வாணலி வாசனை. அதற்குப் பிறகு தயக்கம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சின்ன மீன்கள்.

சின்ன மீன்கள் வெளியே வந்தது, மீனை அறுக்கும்போது. அதாவது வாணலியில் போடுவதற்கு முன்பே. நடந்த வரிசைப்படி எழுதியிருந்தால் வயிற்றுக்குள் மீன், அதைப் பார்த்ததும் ஞானோதயம், அதற்குப் பிறகு வாசனை, சாப்பாடு என்று வந்திருக்கும். ஒரு சிந்தனையாளன் யோசித்து மனம் மாறிய கதையாக அது கௌரவமாக நின்றிருக்கும். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படி அடுக்கவில்லை. கண் முதலில் பார்த்ததை வாசனைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார், ஏனென்றால் அது வாதமாக மாறியது அப்போதுதான். அதை முடித்துவிட்டு, மனிதன் பகுத்தறிவுள்ள பிராணியாக இருப்பதில் எவ்வளவு சௌகரியம், செய்ய ஆசைப்படுகிற எதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் அல்லது உண்டாக்கிக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் சிரித்துவிட்டுப் போகிறார்.

கலைத்துப் போட்ட காகிதத் துண்டுகளைப் பதினாலு பதினைந்து வயதில் அடுக்கிப் பழகிய கை அது. நடுவில் அந்தக் கை எத்தனையோ கட்சிகளுக்காக, எத்தனையோ பேரை மடக்குவதற்காக எழுதியிருக்கிறது. இந்த ஒரு பத்தியில் தன்னையே மடக்கியிருக்கிறது.

ட்ரையானும் தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1705-ல் அது அச்சில் வந்தது. எழுத்துக்கு ஆட்டை விலையாகக் கொடுத்த விஷயம் அதில்தான் இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஆடு யாருக்கும் தெரிந்திருக்காது. காட் மீனும் அப்படித்தான். கப்பலில் இருந்தவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு பையன் தங்களோடு உட்கார்ந்து மீன் தின்றதை மட்டும்தான்.